ஆடி மாதத்துப் பந்தி

நகராமல் நில் என்று அங்கை சொல்லிவிட்டாள், நிற்கிறேன், ஆனால் நகராமல் நிற்பது என்று ஒன்று உண்டா என்ன, இடது கெண்டைக்காலில் ஏதோ ஊர்ந்து இறங்குகிறது, எறும்பா வியர்வையா தெரியவில்லை, குனிந்து பார்த்தால் எதிர்ச் சுவரின் உச்சியிலிருந்து என்னைப் பார்க்கிற கேமரா அதைக் கண்டுகொள்ளும், கண்டுகொண்டால் நல்லதுதான், இன்னும் என்னை அது கண்டுகொள்ளவே இல்லை. எதிரே சுவர் முழுக்கக் கறுப்புத் துணி. அதன்மேல் புரொஜெக்டர் வெளிச்சத்தில், அங்கை வெள்ளைக் கோட்டில் வரைந்த மனிதர்கள் இலைமுன் சம்மணமிட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுக்கு நடுவே அங்கங்கே இடைவெளி. யாராவது வந்து ஓர் இடைவெளிக்கு எதிரே நின்றால், பக்கத்தில் இருக்கிற ஆள் தலையைத் தூக்கிப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார், அந்த இடத்தில் ஒரு புது இலை விரியும், அவருக்குரிய சத்தம் கூடத்தில் எழும். அப்பளம் நொறுங்குவது ஒருவருக்கு, ரசம் இலையில் விழுந்து ஓடுவது ஒருவருக்கு. பத்துப் பேர் வந்து நின்றால் பத்துச் சத்தமும் சேர்ந்து ஒரு முழுக் கல்யாணச் சாப்பாடு கேட்கும். பந்தி என்று பெயர் வைத்திருக்கிறோம். படம் அங்கையுடையது, சத்தம் என்னுடையது. நாளைக் காலை திறப்பு. மதுரையில் இதையெல்லாம் வைக்க யார் இடம் தருவார்கள் என்று அலைந்துவிட்டு, ஆடி மாதம் கல்யாணம் கிடையாதே, மண்டபங்கள் சும்மாதானே கிடக்கும் என்று அங்கைக்குத்தான் தோன்றியது. தெப்பக்குளத்துக்குப் பின்னால் இந்த மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் கிடைத்தது. மேசைகளை ஓரமாக அடுக்கிவிட்டோம். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கிவிட்டோம். எத்தனை கழுவியும் தரையில் சாம்பார் வாசனை போகவில்லை. போக வேண்டாம் என்றாள் அங்கை, அதையும் நம்ம கணக்குல சேத்துக்கலாம்டி.

அங்கயற்கண்ணி என்ற பெயரை முழுதாகச் சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை, கல்லூரி விடுதியில் முதல் வாரமே அங்கையாகிவிட்டாள், நான் ஜெசிந்தா, அவளுக்கு ஜெசி, கோபம் வந்தால் மட்டும் முழு ஜெசிந்தா. அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர், நான் சிம்மக்கல்லில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களுக்குச் சத்தம் சேர்க்கிறவள், அதாவது நிஜச் சத்தத்தை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு நாதஸ்வரத்தை ஒட்டுகிறவள். எடுத்துப் போட்ட சத்தங்களை எனக்குத் தூர எறிய மனசு வரவில்லை. அப்படி ஒன்றை, வெறும் இலை மடிக்கும் சத்தம், ஒருநாள் அவளுக்கு அனுப்பினேன், சும்மாதான், கேட்டுப்பார் என்று. சாயங்காலமே ஒரு படம் திரும்பி வந்தது: ஒரு நடுத்தர வயதுப் பெண், வளையல் முழங்கை வரை ஏறியிருக்க, இலையைத் தன் பக்கமாக மடிக்கிறாள், முகத்தில் போதும் என்கிற நிறைவு. நான் பார்த்திராத பெண், அங்கையும் பார்த்திராத பெண், ஆனால் அந்தச் சத்தத்துக்கு அவள்தான் என்று எனக்கு உடனே தெரிந்தது. அப்புறம் இரண்டு வருஷம் அதுவே வேலை. கரண்டி வாளியில் தட்டும் சத்தம் அனுப்பினால் தொந்தி வைத்த ஒருவர் கையால் இலையை மறைத்து வேண்டாம் வேண்டாம் என்கிறார். குழந்தை விக்கல் அனுப்பினால் விக்குகிற குழந்தையை விட்டுவிட்டு அதன் தலையில் தட்டும் தாத்தாவை வரைந்தாள். எப்படிடி என்றால், காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு யாரு வர்றாங்கன்னு பார்ப்பேன், வர்றவங்களை உக்கார வைப்பேன், அவ்வளவுதான் என்பாள். வரைந்ததை அசைய வைக்கவும் கேமராவோடு சேர்க்கவும் அவளே வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். எனக்குக் கேமரா விஷயம் ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. முதலில் ஆளில்லாத கூடத்தை அது ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் பார்ப்பதிலிருந்து அந்தப் படத்தைக் கழிக்கும். மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் ஆள். கழித்த பிறகு ஒன்றும் மிச்சமில்லை என்றால் ஆள் இல்லை. அவள் வீட்டு ஹாலில் வெள்ளைச் சுவரும் டியூப்லைட்டுமாக இருந்தபோது நான் எப்போதும் மிச்சமாக இருந்தேன், எனக்கு எத்தனை இலை விரிந்திருக்கிறது.

"ஜெசி, கையத் தூக்கு." தூக்கினேன். "ஆட்டு." ஆட்டினேன். சுவரில் தொந்திக்காரர் பாட்டுக்கு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, இறக்கு." லேப்டாப் வெளிச்சத்தில் அங்கையின் முகம் மட்டும் மிதக்கிறது, நெற்றி சுருங்கி, கீழுதட்டைக் கடித்தபடி, கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் முகம். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மண்டபத்து மேனேஜர் சோலைமலை அண்ணன் டீ பிளாஸ்க்கோடு வந்தார், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கூடத்தின் குறுக்கே எங்களை நோக்கி நடந்தார், அவர் நடக்க நடக்கச் சுவரில் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள், இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன, அப்பளம் நொறுங்கியது, வாளி தட்டியது, ரசம் ஓடியது, விக்கல், வளையல், யாரோ மோரை உறிஞ்சினார்கள். அண்ணன் நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். "யாரும்மா சாப்பிடுறா?" என்று சுற்றிப் பார்த்தார். அங்கை சிரித்தாள், நானும் சிரித்தேன், இரண்டு வருஷத்தில் இதைவிட நல்ல கேள்வியை யாரும் எங்களைக் கேட்டதில்லை. "நீங்கதாண்ணே விருந்தாளி" என்றாள். அவர் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, இலைகளைப் பார்த்துக்கொண்டே, வழியில் இருக்கிற எதையோ மிதித்துவிடக்கூடாது என்பதுபோலச் சுவரோரமாகத் திரும்பிப் போனார். கதவு மூடியது. சுவர் அடங்கியது. நான், தரையில் டேப் ஒட்டிய அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறேன், அவர் போன வழி முழுவதும் விரிந்த இலைகள் எல்லாம் சுருண்டு போயின, என் எதிரே மட்டும் முதலிலிருந்தே ஒன்றும் இல்லை.

"பாத்தியா, டிரெஸ்தான்டி பிரச்சினை" என்றாள் அங்கை, குரலில் அப்படி ஒரு நிம்மதி. "நீ கரும்பச்சையப் போட்டுட்டு வந்துருக்க." சோலைமலை அண்ணனும் என் நிறம்தான், ஆனால் அவர் வேட்டியும் சட்டையும் போதுமே. அவள் பையிலிருந்து எலுமிச்சை மஞ்சள் துப்பட்டாவை எடுத்து எறிந்தாள், பிடித்துத் தோளில் போட்டேன், உடனே தொந்திக்காரர் நிமிர்ந்தார், இலை விரிந்தது, அப்பாடா என்றாள், நானும் அப்பாடா என்றேன். பிறகு சும்மா, ஏன் என்று எனக்கே தெரியாமல், துப்பட்டாவைக் கழற்றி ஒரு கையில் தள்ளிப் பிடித்தேன். தொந்திக்காரரின் பார்வை என்னைவிட்டுத் துப்பட்டாவின் பின்னால் போனது. அவர் துணிக்குத்தான் இடம் கொடுத்திருந்தார். "இரு, அங்கிட்டு நின்னு பார்த்தா எப்படித் தெரியுதுன்னு நான் பாக்குறேன்" என்று அங்கை எழுந்து வந்தாள், என்னை மெதுவாகத் தள்ளிவிட்டு டேப்பின்மேல் நின்றாள். இருட்டில் வேலை செய்வதற்கென்றே அவள் போட்டிருந்தது கறுப்புக் குர்தா, கறுப்பு பேன்ட். இலை விரிந்தது. கரண்டி வாளியில் தட்டியது. அவளுடைய முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு முன்னங்கைகளுக்கும் விரிந்த இலை. சத்தம் ஓய்கிறவரை இரண்டு பேரும் சுவரையே பார்த்தோம். அப்புறம் அங்கை, எதையோ திருடி அகப்பட்டுவிட்டதுபோல, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். நான் பார்க்காததுபோல இருந்தேன். அவள் போய் லேப்டாப் முன் உட்கார்ந்து, ஒழுங்காக இருந்த ஒயர் ஒன்றைப் பிடுங்கி மறுபடி மாட்டினாள். "நீ நில்லுடி, ஒண்ணுமில்ல, லைட்டைக் கொஞ்சம் மாத்திப் பாப்போம்."

நிற்கிறேன். பதினாலு வருஷத்தில் கறுப்பு என்கிற இந்த ஒரு வார்த்தையை நாங்கள் பேசியதில்லை என்பது இப்போதுதான் தோன்றுகிறது, என்னென்னவோ பேசியிருக்கிறோம், அவளுக்குக் குழந்தை தங்காமல் போனது, என் நிச்சயதார்த்தம் நின்றது, நிச்சயம் நின்றதற்கு மாப்பிள்ளை வீட்டார் சொன்ன காரணம் ஜாதகம் என்று சொன்னாள் அங்கை, கிறிஸ்தவங்களுக்கு ஏதுடி ஜாதகம் என்று நான் கேட்கவில்லை, அவளும் தான் சொன்னதைத் திருத்தவில்லை, இரண்டு பேரும் அந்த அர்த்தமில்லாத வார்த்தையை ஒரு போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜிகர்தண்டா குடிக்கப் போனோம். போர்வை நன்றாகத்தான் இருந்தது. இப்போது அதை எடுத்தால் என்ன ஆகும், அவள் நாளையிலிருந்து என்னிடம் ஜாக்கிரதையாகப் பேச ஆரம்பித்துவிடுவாளோ, சொல்லுக்குச் சொல் பார்த்து, பாத்திரக்கடையில் நடக்கிறவள் மாதிரி, அதுதான் பயம், கேமரா பார்க்காததில் அவ்வளவு வலி இல்லை, வலி இல்லை என்று சொல்லமுடியாது, அது வேறு வலி, பழகினது. பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒவ்வொரு வருஷமும் நான்தான் குழந்தை இயேசுவைப் பார்க்க வருகிற மூன்று ராஜாக்களில் கறுப்பு ராஜா, மாதாவாக என்னைப் போட யாருக்கும் தோன்றாது, ஆனால் எனக்கு அந்த வேஷம் பிடிக்கும், தங்கக் காகிதக் கிரீடமும் அத்தர் பாட்டிலும் அவருக்குத்தான் உண்டு, அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைப்பாள். அம்மா. நாளைக்கு அம்மா வருகிறாள், திண்டுக்கல்லிலிருந்து முதல் பஸ்ஸில், மாமா பேத்தி கல்யாணத்துக்கு எடுத்த கத்தரிப்பூப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கத்தரிப்பூவும் இருட்டில் இருட்டுதான். அம்மா என்னைவிடக் கறுப்பு. ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தியின் மகளுக்குக் கல்யாணம், நான் சின்னப் பெண், பந்தல் கடைசி ஓரத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது, உட்கார்ந்தவுடன் கரண்ட் போய்விட்டது, பரிமாறுகிறவர்கள் பெட்ரோமாக்ஸ் இருக்கிற பக்கமாகவே போய்ப் போய் வந்தார்கள், எங்கள் இலையில் உப்பும் ஊறுகாயும் மட்டும் வெகுநேரம் இருந்தது. அம்மா என் காதருகே குனிந்து, "கரண்ட் போனா நம்ம ரெண்டு பேரும் தெரிய மாட்டோம்டி, பல்லைக் காட்டு, அப்பத்தான் சோறு போடுவான்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் பல்லைக் காட்டினேன். அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நாளைக்கும் அப்படித்தான் சிரிப்பாள். மகளுடைய சுவருக்கு முன்னால் வந்து நிற்பாள், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் இலை விரியும், அவள் கொஞ்சம் காத்திருப்பாள், கையை ஆட்டிப் பார்ப்பாள், அப்புறம் எங்களுக்குச் சங்கடமாகிவிடக்கூடாதே என்று அவளாகவே அந்தப் பல் விஷயத்தைச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இந்தக் கூடத்தில், நானே பொறுக்கிச் சேர்த்த அப்பளச் சத்தத்துக்கும் ரசச் சத்தத்துக்கும் நடுவே கேட்க எனக்குத் தெம்பில்லை.

"அங்கை."

"இருடி, இந்தா வந்துருச்சு."

"வரல. அது என்னைப் பார்க்கல. நான் கறுப்பு, பின்னால இருட்டு. அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கூடம் அப்படியேதான் இருந்தது, புரொஜெக்டரின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அங்கை லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்தாள், அதனால் அவள் முகமும் இருட்டுக்குள் போய்விட்டது. இருட்டுக்குள்ளிருந்து, "நேத்தே தெரியும்" என்றாள். "நீ பிளக் வாங்கப் போனப்ப, கேமராவுல பதிவானதைப் போட்டுப் பார்த்தேன். உன் கண்ணும் சிரிப்பும் மட்டும் இருந்துச்சு. அழிச்சிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"எப்பிடிடி சொல்றது. நானு எப்பிடிடி சொல்றது?" மூக்கை உறிஞ்சினாள். "நேத்துல இருந்து கேமரா எவ்வளவு நுணுக்கமாப் பாக்கணுங்கிற நம்பரைக் கூட்டுறேன், குறைக்கிறேன். கூட்டுனா ஆளே இல்லாத இடத்துக்கெல்லாம் இலை விரியுது. குறைச்சா நீ இல்ல. நீ இல்லாம என்ன மயித்துக்கு எனக்குப் பந்தி?"

டீச்சர் பேசுகிற பேச்சா இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் ஜாக்கிரதையாகப் பேசவில்லை. அது போதும்போல இருந்தது, ஒரு நிமிஷம் அதோடு விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன், துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் ஆயிற்று, வருகிறவர்களுக்கெல்லாம் வாசலில் ஆளுக்கொரு வெள்ளைத் துண்டு கொடுத்தால் ஆயிற்று. ஆனால் என்ன செய்தால் சரியாகும் என்று எனக்குத் தெரியும், ஸ்டுடியோவில் எங்கள் வீடியோக்காரர்கள் தினமும் திட்டிக்கொள்கிற விஷயம்தான் அது. தெரிந்தும் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் அவளுடைய படம் போய்விடும். கறுப்பில் வெள்ளைக் கோடு, சிலேட்டில் எழுதினதுபோல, அந்த இருட்டுக்காகத்தான் அவள் இத்தனை நாள் கோட்டை மெலிய வைத்து, மெலிய வைத்து, மூச்சு விட்டால் கலைந்துவிடும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"வெளிச்சத்தை எனக்குப் பின்னாடி குடு" என்றேன். "ஜன்னலுக்கு முன்னால நிக்க வச்சா எந்தச் செவத்த மாப்பிள்ளையும் வீடியோவுல கறுப்பாத்தான் விழுவான். வர்றவங்க எல்லாரும் கறுப்பா விழட்டும். அப்ப கேமராவுக்கு வித்தியாசம் தெரியும்ல."

அங்கை சுவரைப் பார்த்தாள். வளையல்காரியை, தொந்திக்காரரை, விக்கலுக்குத் தலையில் தட்டும் தாத்தாவை. ஜன்னலைத் திறந்தால் இவர்கள் என்ன ஆவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் எழுந்தாள். ஏணியைக்கூட எடுக்கவில்லை, மேசைமேல் ஏறி முதல் ஜன்னலின் துணியை இழுத்தாள், ஆணியோடு வந்தது. இரண்டாவதை நான் இழுத்தேன். ஆடிக் காற்று புழுதியோடு உள்ளே வந்தது, கூடவே மதிய வெயில், அடுக்கிவைத்த மேசைகள், குப்பைக்கூடை, எங்கள் செருப்புகள் எல்லாம் தெரிந்தன. சுவரில் பந்தி இல்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தால் துணிமேல் சாம்பலாக ஏதோ பூசினதுபோல இருந்தது. அங்கை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள், எனக்கு அவளைப் பார்க்கத்தான் முடிந்தது. பிறகு அவள் சுவருக்குப் போய் அந்தக் கறுப்புத் துணியையும் உருவி எடுத்தாள். அடியில் மண்டபத்துச் சந்தன நிறச் சுண்ணாம்பு. என்னை ஓரமாக நிறுத்திவிட்டு லேப்டாப்பில் எதையோ தட்டினாள், ஆளில்லாத கூடத்தைக் கேமரா மறுபடி படம் பிடித்துக்கொண்டது. வெள்ளை கறுப்பாயிற்று, கறுப்பு வெள்ளையாயிற்று. இப்போது சுவரில் மங்கலான வெளிச்சத்தின்மேல் கரிக்கோட்டு மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மெல்லிய கோடுகள் பல காணாமல் போயிருந்தன. வளையல்காரியின் முகத்தில் இருந்த அந்த நிறைவைக் காணவில்லை, வெறும் மூக்கும் வாயும் இருந்தது.

"எப்படி இருக்கு? நெசத்தைச் சொல்லு."

"முன்னால இருந்த அழகு இல்ல."

"ஆமா" என்றாள். "கோட்டைத் தடிமனாக்கணும். எல்லாரையும். இன்னிக்குப் பூரா உக்காரணும்." பெருமூச்சு விட்டாள். "சரி, போய் நில்லு."

முதுகில் வெயில் விழுகிற மாதிரி நின்றேன். தொந்திக்காரர் தலையைத் தூக்கினார். என்னைத்தான் பார்த்தார், துப்பட்டா அங்கே நாற்காலியில் கிடந்தது. கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தார், இடம் பண்ணிக்கொடுத்தார், என் எதிரே இலை விரிந்தது, கரண்டி வாளியில் தட்டியது. அந்தச் சத்தத்தை நான் நூறு முறை வெட்டி ஒட்டியிருக்கிறேன், எங்கே ஆரம்பிக்கும் எங்கே தேயும் என்று மனப்பாடம், ஆனாலும் இப்போது அது யாரோ எனக்காக வாளியோடு வருகிற சத்தமாக இருந்தது. கையைத் தூக்கினேன், அவரும் கையைத் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்றார். நான் இந்தப் பக்கம் நடந்தேன், அந்தப் பக்கம் நடந்தேன், அப்பளம், ரசம், விக்கல். அம்மா எந்த இடத்தில் நின்றால் நன்றாக இருக்கும் என்று யோசித்தேன், ரசத்துக்கு எதிரே, அவளுக்கு ரசம் என்றால் உயிர்.

நான் ரசத்துக்கு எதிரே போகவும் அங்கையும் வந்து பக்கத்தில் நின்றாள், தோளோடு தோள் ஒட்டி, எப்போதும் நிற்பதுபோல முழங்கையால் என் விலாவில் இடித்தபடி. ரசக்காரர் நிமிர்ந்தார், ஒரு முறைதான் நகர்ந்தார். ஒரே ஒரு இலை விரிந்தது. காத்திருந்தோம், இரண்டாவது வரவில்லை. லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள், திரையில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரே கறுப்பாகப் பிடித்து, சுற்றி ஒரே கட்டம் போட்டிருந்தது அந்தக் கேமரா.

"ஒட்டி நின்னா ஒரே ஆளுன்னு நினைக்குதுடி" என்றாள். "கூட்டம் வந்தா இதுவும் வம்புதான். கொஞ்சம் தள்ளு, பாப்போம்."

"அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் தள்ளவில்லை. எங்கள் ஒற்றை இலையில் ரசம் விழுந்து, விளிம்பை நோக்கி ஓடத் தொடங்கியது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.